எழுத்தில்லாத மஞ்சக் காயிதம்

நான் ரிட்டயரானப்ப எனக்கு இருபத்தாறு வயசுங்க. சிரிக்காதீங்க. கவருமெண்டு ஆபீசுல தலை நரைச்சாத்தான் ஊட்டுக்கு அனுப்புவாங்க. எங்க தொழில்ல படம் பேச ஆரம்பிச்ச அன்னிக்கே அனுப்பிச்சுப்போட்டாங்க. தெரையில இருக்கறவளே வாயத் தொறந்து பாடறா, அப்பறம் கீழ ஒக்காந்து ஆர்மோனியம் அமுக்கறவன் எதுக்கு? இப்ப காளப்பநாயக்கன்பட்டியில சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டறேன்.

சந்தைப்பேட்டைக்கிட்ட நிக்கற பேசும்படக் கொட்டாயில மிசினு ஓட்டறவனுங்க ரெண்டு பேரு காத்தடிக்க வருவானுங்க. மிசினு ஓட்டறமுங்கற மெதப்புல மீசைய முறுக்கிக்கிட்டே வருவானுங்க. போன வாரம் அதுல ஒருத்தன் என்ற தகரப் பொட்டியக் கிண்டி ஒரு மஞ்சக் காயிதத்த எடுத்தான்.

"ஏண்ணா, மத்த காயிதத்துலயெல்லாம் புள்ளி புள்ளியாப் பாட்டு எழுதியிருக்குது. இதுல அஞ்சு கோடு மட்டும் இருக்குது, ஒரு புள்ளிகூட இல்லியே?"

"அதுதான்டா இருக்கறதுலயே கஷ்டமான பாட்டு"ன்னேன்.

"போங்கண்ணா, எப்பப் பாத்தாலும் நக்கலு."

எனக்கு நக்கலுதான் சோறு, ஒத்துக்கறேன். ஆனா அந்தக் காயிதத்துல மட்டும் நக்கலு இல்லீங்க. அவனுங்களுக்குச் சொன்னதத்தான் இங்க எழுதறேன். எழுத்துப் பெழ இருந்தாப் பொறுத்துக்கோணும். நான் மூணாப்பு. அதுலயும் பாதி நாளு வாத்தியாரு என்னைய வெளிய நிக்க வெச்சதுல போச்சு.

ஊமைப்படம்னா சத்தமே இல்லாத படமுன்னு இப்பத்தவங்க நெனைக்கறாங்க. அதெப்படிங்க, ரெண்டு மணி நேரம் சும்மா கம்முனு ஒக்காந்தா சனம் கொறட்டை உடாதா? சீமைப் படம் வந்துதுன்னா ரீல் டப்பாவோட ஒரு பாட்டு நோட்டும் வரும். இந்தக் கட்டத்துக்கு இந்தப் பாட்டுன்னு அச்சடிச்சிருப்பான். கதாநாயகிக்குன்னு ஒரு பாட்டு இருக்கும். அவ வந்தா அதுதான் வரோணும். சிரிச்சா வேகமா, அழுதா அதையே இழுத்து. போக்கிரி வந்தா அவனுக்கு வேற. தெரையப் பாக்காமயே யாரு வந்திருக்கான்னு சனம் சொல்லிப்போடும்.

எங்க டூரிங் கம்பெனியில வாத்தியம் நாங்க ரெண்டே பேரு. கிளாரினெட்டு தேவசகாயம் மாஸ்டரு. ஆர்மோனியம் நானு. சண்டை வந்தா ஆர்மோனியத்த உட்டுப்போட்டு டோலக்க எடுத்துக்குவேன்.

மாஸ்டரு சேலத்துல பட்டாள பாண்டுல வாசிச்சவரு. பாட்டு நோட்டத் தொடறதுக்கு முன்னால கையக் கழுவித் தொடைச்சுக்குவாரு. காயிதங்கள ரீலு வரிசைக்கு அடுக்கி, காத்துல பறக்காம ரெண்டு பக்கமும் கூழாங்கல்லு வெப்பாரு. எங்க நிறுத்தோணும், எங்க திருப்பிப்போடோணும்னு செவப்புப் பென்சில்ல கோடு இழுப்பாரு. யாரையும் வைய மாட்டாரு. கோவம் வந்தா கண்ணாடியக் கழட்டி வேட்டியில தொடைப்பாரு. அவரு கண்ணாடியக் கழட்டுனா நான் செத்தேன்.

வேலைக்குச் சேந்தப்ப "நோட்டுப் படிக்கத் தெரியுமா?"ன்னு கேட்டாரு.

"தண்ணி பட்டபாடுங்க"ன்னேன். அந்தப் புள்ளிங்களப் பாத்தா எனக்கு எறும்பு ஊர்ற மாதிரிதான் தெரிஞ்சுது. ஆனா காதுல ஒருக்கா உழுந்துதுன்னா அப்பிடியே கைக்கு வந்துரும். அன்னிக்கு அவரு ஒரு பாட்டக் கிளாரினெட்டுல வாசிச்சுக் காட்டுனாரு. அப்பறம் என்ற முன்னால காயிதத்த வெச்சாரு. நான் அத உத்துப் பாத்துக்கிட்டே தலையாட்டி வாசிச்சு முடிச்சேன். அவரு கைய நீட்டி அந்தக் காயிதத்தத் தலைகீழா இருந்ததிலிருந்து நேராத் திருப்பி வெச்சாரு, அவ்வளவுதான். அதுக்கப்பறம் எந்தப் புது நோட்டு வந்தாலும், "வேகம் காட்டறேன், கேட்டுக்க"ன்னு முழுசா ஒருக்கா வாசிச்சுருவாரு. மூணு வருசம் இப்பிடியே ஓடுச்சு. நான் அவர ஏமாத்திட்டு இருந்தேனாம்!

அந்த அடுக்குல எல்லாத்துக்கும் அடியில ஒரு மஞ்சக் காயிதம் இருக்கும். அதுல அப்ப கோடுகூட இல்ல. அது தீக்கு.

பிலிமு பொசுக்குனு பத்தற சாமானுங்க. ஆனா கொட்டாயில "தீ"ங்கற வார்த்தைய யாரும் சொல்லப்படாது. ஏன்னா நான் சேந்த புதுசுல ஒரு ஊர்ல பீடிப் பொகையப் பாத்து எவனோ அப்பிடிக் கத்திப்போட்டான். தீயே இல்ல. ஆனா சனம் எந்திரிச்சு ஓடுச்சு. மொளக்குச்சியும் கயிறும் சாஞ்சு, ஆளு மேல ஆளு உழுந்து மிதிச்சு, ஒரு பொம்பளைக்கு நெஞ்செலும்பு நொறுங்கிப்போச்சு. அந்தம்மா கத்துனது இன்னமும் என்ற காதுல இருக்குது. காதுல உழுந்தது எனக்குப் போகாதுன்னு சொன்னேனில்ல, அது நல்லதுக்கு மட்டும் இல்லீங்க.

அதனால மாஸ்டரு ஒரு ஏற்பாடு வெச்சிருந்தாரு. ஆப்பரேட்டரு காதர் பாய் ரீல் டப்பாவுல மூணு தட்டு தட்டுவாரு. மாஸ்டரு மஞ்சக் காயிதத்த எடுத்து மேல வெப்பாரு. ஒடனே நாங்க மெதுநடையா ஒரு பாட்டு வாசிக்கோணும். அதக் கேட்டதும் வாசல்ல நிக்கற ஆளுங்க படுதாவத் தூக்கி, "மழை வருதுங்க, மெல்லப் போங்க"ன்னு சனத்த வெளிய உடோணும்.

"ஏனுங்க மாஸ்டர், காயிதத்துல அந்தப் பாட்ட எழுதலியே?"

"பயத்துல கண்ணு தெரியாதுடா. கை மட்டுந்தான் தெரியும்"னாரு.

இனி கொல்லிமலைக்கு வாரேன்.

பெரக்கரை நாட்டுல ஒரு ஊரு. அந்த ஊர்க்கவுண்டரு மொளகு விக்கக் கீழ எறங்கினப்ப எங்க படத்தப் பாத்துப்போட்டு, எங்கூர்லயும் நோம்பித் திருவிழாவுக்குக் காட்டோணும்னு மொதலாளிகிட்ட ஒத்தக்கால்ல நின்னாரு. அடிவாரம் காரவள்ளியிலிருந்து நடைதான். ஆளுங்க தலையில பொட்டிகள ஏத்திவுட்டுச் செங்குத்தா ஏறுனோம். என்ற ஆர்மோனியத்தத் தூக்குனவரு பாதி மலையில எறக்கி வெச்சுப்போட்டு, "ஏனுங்க, இதுக்குள்ள என்ன இருக்குது?"ன்னு கேட்டாரு.

"காத்துங்க"ன்னேன்.

"உங்கூருக் காத்து இம்புட்டுக் கனமா?"ன்னாரு.

நாங்க போயிச் சேந்த அன்னிக்கு அங்க சாமி பொறப்பாடு. பூசாரி டோலக்கு மாதிரியே ஒரு மேளத்தக் கழுத்துல மாட்டிக்கிட்டு ஒரு அடி அடிச்சாரு. ரெண்டு நீளம், மூணு குட்டை, ஒரு நிறுத்தம். அதக் கேட்டதும் ஊரே எந்திரிச்சுது. ஒருத்தரு துணிய ஒருத்தரு புடிச்சுக்கிட்டு, ஒரே வரிசையா மேளத்துக்குப் பின்னால நடந்தாங்க. முண்டறது இல்ல, முந்தறது இல்ல, கொழந்தைங்ககூடப் பேச்சு இல்ல. மேட்டாங்காட்டத் தாண்டி சோலைக்காடு வரைக்கும் போயி சாமிய எறக்கி வெச்சுப்போட்டுத் திரும்பி வந்தாங்க. எழுப்படின்னு அதுக்குப் பேரு.

அடுத்த நாள் காத்தால என்ற கைக்கு அரிப்பு எடுத்துது. நல்லம்மான்னு ஒரு அக்கா ஊட்டுலதான் எங்களுக்குச் சோறு. அவங்க வாசல்ல நாலஞ்சு பொம்பளைங்க தெனை குத்திக்கிட்டு இருந்தாங்க. நான் டோலக்க மடியில வெச்சு அந்த அடியத் தட்டுனேன். சொன்னா நம்ப மாட்டீங்க, ஒலக்கையக் கீழ வெச்சுப்போட்டு அத்தன பேரும் எந்திரிச்சு, ஒருத்தி சேலைய ஒருத்தி புடிச்சு நின்னாங்க.

"எந்திரிச்சுட்டமே, சாமி எங்க கண்ணு?"ன்னாங்க நல்லம்மா.

"இதோ நான் இல்லியா?"ன்னு பல்லக் காட்டுனேன்.

ஒருத்தரும் சிரிக்கல. எங்கிருந்தோ பூசாரி வந்து என்ற முன்னால குத்துக்காலிட்டு ஒக்காந்தாரு. வைவாருன்னு பாத்தேன். கொழந்தைகிட்டப் பேசற மாதிரிப் பேசுனாரு.

"சாமி, இந்த அடிய அடிக்கறவன் முன்னால நடக்கோணும். சோலை வரைக்கும் நடக்கோணும். நடுவுல நிறுத்தப்படாது. திரும்பிப் பாக்கப்படாது."

"நிறுத்துனா என்னாகுமுங்க?"

"தெரியல. நிறுத்துனவன் எவனும் வந்து சொல்லல." எந்திரிச்சாரு. "நாலு அடிதான் அடிச்சிருக்கறே. தெரியாத புள்ள. கைய வெச்சுக்கிட்டுச் சும்மா இரு."

அந்தப் பக்கம் மாஸ்டரு கம்பளியப் போத்திக்கிட்டு ஒக்காந்திருந்தாரு. மேல வந்த அன்னிக்கே அவருக்கு மலைக்காச்ச கண்டிருந்துது. பல்லு தந்தியடிக்குது, அப்பவும் கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு.

அன்னிக்கு மத்தியானமே படம். பகல்லயான்னு கேக்காதீங்க. பொழுது உழுந்தா கரடி எறங்குமுன்னு பக்கத்தூரு சனமெல்லாம் வெளிச்சத்துலயே ஊடு போயிச் சேரோணும். அதனால ஊர்ப் பொதுக் கொட்டகைய இருட்டாக்குனோம். மண்ணு செவுரு, புல்லுக் கூரை, தெனை கொட்டறதுக்குக் கட்டுனது. அறுப்புக்கு முன்னாலங்கறதால காலியாக் கெடந்துது. சன்னலு, சந்துபொந்து எல்லாத்தையும் கம்பளிய வெச்சு அடைச்சுப்போட்டோம். வாசல் ஒண்ணே ஒண்ணு, குனிஞ்சுதான் போகோணும். அதுக்கும் ரெட்டைக் கம்பளி. வாசலுக்குப் பக்கத்துல தெரை, தெரைக்குக் கீழ நாங்க. எதிர்ப்பக்கம் கடைசியில காதர் பாயும் மிசினும். மலையில ஏது கரண்டு? கார்பைட்டு கேஸ் வெளக்குதான். நடுவுல நூத்தம்பது பேரு, மடியில கொழந்தைங்க. கம்பளிய இழுத்து மூடுனப்ப எனக்கு என்னமோ பொட்டிக்குள்ள போட்டு மூடுன மாதிரி இருந்துது. மாஸ்டரு கூரைய ஒருக்கா அண்ணாந்து பாத்தாரு.

வாசல்ல நின்ன செங்கோடங்கற மலையாளுக்குக் காத்தாலயே மூணு தடவ சொல்லிக் குடுத்திருந்தோம். "இந்தப் பாட்டக் கேட்டாக் கம்பளியத் தூக்கோணும்." "சரிங்க சரிங்க"ன்னு தலையாட்டுனான்.

படம் ஓடுச்சு. தொப்பி போட்ட வெள்ளைக்காரப் புள்ள ஒருத்தி ஆலையில வேல செய்யறா. அவ வாரப்பெல்லாம் நாங்க அவ பாட்ட வாசிச்சோம். "பாவம், வாய் அசையுது, பேச்சு வல்லியே! நாக்குல வேலு குத்தியிருக்குதாக்கும்"னு நல்லம்மா சொல்ல, கொட்டகையே சிரிச்சுது. மூணாவது ரீலுக்குள்ள அவ தலையக் காட்டறதுக்கு முன்னாலயே கொழந்தைங்க எங்க பாட்டக் கேட்டு "வாரா, வாரா"ன்னு கத்த ஆரம்பிச்சுதுங்க. எனக்குப் பெருமை தாங்கல.

நாலாவது ரீலு. டொக், டொக், டொக்.

நான் நிமுந்து பாத்தேன். கேஸ் வெளக்குக் கொழாயில சின்னதா ஓட்டை உழுந்து, சீறி மேல போன நெருப்பு கூரைய நக்கியிருந்துது. கூரைக்கு வெளிப்பக்கம் பனி ஈரம். உள்பக்கம் காஞ்ச சருகு. படக்குனு பத்தல, செவப்பாக் கனிஞ்சு உள்ளுக்குள்ளயே ஓடுச்சு. காதர் பாய் ரீல் பொட்டி மேல ஈரக் கம்பளியப் போட்டு, அதுமேலயே ஒக்காந்து மிசின நிறுத்தாம சுத்திக்கிட்டு இருந்தாரு. படம் நின்னா சனம் திரும்பிப் பாக்கும். திரும்பிப் பாத்தா அத்தன பேரும் இந்தச் சின்ன வாசலுக்குப் பாய்வாங்க.

மாஸ்டரு மஞ்சக் காயிதத்த மேல வெச்சாரு. வாசிச்சோம்.

செங்கோடன் வாசல்ல நின்னுக்கிட்டு எங்களப் பாத்துச் சிரிச்சான். காலால தாளம் போட்டான், கம்பளியத் தூக்கோணுங்கற ஞாபகமே இல்ல. சனம் இன்னும் நல்லாச் சம்மணம் போட்டு ஒக்காந்துது. எவளோ ஒருத்தி, "இந்தப் பாட்டு அதவிட நல்லாருக்குது"ன்னு சொன்னது காதுல உழுந்துது. எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி அதுதான். அது தீந்துபோச்சு. தொண்டை வரைக்கும் அந்த வார்த்தை வந்துருச்சு. கத்தியிருப்பேன்.

மாஸ்டரு என்ற தொடையக் கிள்ளுனாரு. "பொன்னுசாமி, காத்தால பண்ணுன சேட்டைய எடு."

"மாஸ்டருங்க, வேண்டாமுங்க. நடுவுல நிறுத்துனா…"

"நிறுத்தாத."

நெசமாச் சொல்றேன், அந்த நிமிசம் எனக்குத் தீயவிட அந்தச் சோலைதான் பயமா இருந்துது. பின்வரிசையில ஒரு கொழந்தை இருமுச்சு. டோலக்கக் கழுத்துல மாட்டுனேன். ரெண்டு நீளம், மூணு குட்டை, ஒரு நிறுத்தம்.

சிரிப்பு நின்னுபோச்சு. இருட்டுல நூத்தம்பது பேரு எந்திரிக்கற சத்தம் மட்டும். மொத வரிசையில பூசாரி எந்திரிச்சு என்னைய மொறைச்சுப் பாத்தாரு. மேளத்தப் புடுங்கப் போறாருன்னு நெனச்சேன். அப்ப அவரு மூக்கு ஒருக்கா விரிஞ்சுது. தலையத் திருப்பாமயே அவருக்குப் புரிஞ்சுபோச்சு. எனக்குப் பின்னால வந்து என்ற துண்டு நுனியப் புடிச்சுக்கிட்டாரு.

"நட"ன்னாரு.

செங்கோடன் தானாக் கம்பளியத் தூக்குனான். நான் குனிஞ்சு வெளிய வந்தேன். வெயிலு கண்ணக் குத்துச்சு. அடி, நட. அடி, நட. பின்னால பூசாரி, அவரு வேட்டியப் புடிச்சு நல்லம்மா, அவங்க சேலையப் புடிச்சு அடுத்த ஆளு. முண்டல, முந்தல. உள்ள மாஸ்டரு அந்த ஆலைக்காரப் புள்ளயோட பாட்டத் தனியாக் கிளாரினெட்டுல வாசிச்சுக்கிட்டு இருந்தாரு. கடைசி வரிசை நகர்ற வரைக்கும் அவங்க கண்ணு தெரையில இருக்கோணுமில்ல? அந்தச் சத்தம் வார வரைக்கும் அவரு உள்ள இருக்கறாருன்னு அர்த்தம். அவரு இருக்கறாருன்னா சனமும் உள்ள இருக்குதுன்னு அர்த்தம்.

மேட்டாங்காட்டுல பாதி ஏறியிருப்பேன். கிளாரினெட்டு நின்னுபோச்சு.

பாட்டு முடியற எடத்துல நிக்கல. நடுவுல நின்னுது. கொஞ்ச நேரத்துல புஸ்ஸுனு ஒரு சத்தம், பிலிமு பத்தறது எனக்குத் தெரியாதா? முதுவுல சூடு தெரிஞ்சுது. இல்ல, பயத்துல அப்பிடித் தோணுச்சோ என்னமோ.

"மாஸ்டரு"ன்னு வாயசைஞ்சுது. சத்தம் வல்ல, ஊமைப்படந்தான் நானும்.

"திரும்பாத"ன்னாரு பூசாரி. "நீ திரும்புனா எல்லாரும் திரும்புவாங்க. நட."

அழுதுக்கிட்டே அடிச்சேன். நானா நிறுத்தாம நடக்கறேன்? கால் அதும்பாட்டுக்கு நடக்குது, கை அதும்பாட்டுக்கு அடிக்குது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் காதத் தீட்டிக்கிட்டுக் கேட்டேன். துணி ஒரசற சத்தமும் காலடிச் சத்தமும்தான் வந்துது. சோலைக்காட்டு மரங்க நெருங்க நெருங்க குளுரு ஏறுச்சு. உள்ள பகல்லயும் இருட்டு. மொத மரத்துக்கிட்டப் போனதும் துண்டு பின்னால இழுத்துது.

"இங்க நிறுத்து சாமி. இப்பத் திரும்பலாம்."

திரும்புனேன். கொட்டகை இருந்த எடத்துல பொகை கம்பம் மாதிரி நின்னுது. மேட்டாங்காடு முழுக்க ஒரே வரிசை, ஒரு கொழந்தைகூடக் கையுடல. மீசை பாதி பொசுங்கிப்போன காதர் பாயி, மூச்சிரைக்க ஓரமா ஓடி வந்தாரு. வரிசையோட கடைசியில கம்பளியப் போத்துன ஒரு உருவம் ஆடி ஆடி வந்துது. இடுப்புல கிளாரினெட்டு. ஒரு கையில முன்னால போறவரு வேட்டி நுனி.

நான் ஓடிப்போயி அவரக் கட்டிக்கிட்டேன். ஒடம்பு அனலாக் கொதிச்சுது.

"ஏனுங்க நடுவுல நிறுத்துனீங்க? என்ற உசுரே போயிருச்சு!"

"துணியப் புடிக்கோணுமில்ல?"ன்னாரு. "ஒத்தக் கையில எப்படிடா வாசிக்கறது?"

பூசாரி என்னைய ஊத்துக்கிட்டக் கூட்டிட்டுப் போயிக் கையக் கழுவச் சொன்னாரு. "இன்னிக்கு அந்த அடி சனத்தக் காப்பாத்துச்சு. நல்லது. ஆனா அது இந்த மலையோடது. இங்கயே வெச்சுப்போட்டுப் போ. கீழ கொண்டு போகாத."

"காதுல இருக்கறத எப்படிங்க வெச்சுப்போட்டுப் போறது?"

"கைய அடக்கு. காது தானா மறக்கும்"னாரு. காது மறக்கல. கைய மட்டும் அடக்கியிருக்கறேன்.

எட்டு நாளு அங்கயே இருந்து கொட்டகைக்குப் புல்லு மேஞ்சு குடுத்தோம். ஆர்மோனியம், படம், பாட்டு நோட்டு எல்லாம் சாம்பலு. ஆனா மாஸ்டரு எப்பவும் நோட்டப் பாத்து வாசிச்சவரு, பாதிப் பாட்டு அவருக்கு நெனவுல இல்ல. நோட்டே படிக்காத எனக்குத்தான் அத்தனையும் இருந்துது. மத்தியானத்துல அவரு கம்பளிக்குள்ள படுத்துக்கிட்டு, படத்துக்கு அச்சடிச்ச நோட்டீசுங்க பின்பக்கம் கோடு போட்டு, "ஆலைக்காரப் புள்ள பாட்டு"ம்பாரு. நான் கூரை மேல ஒக்காந்து தன்னன்னான்னு பாடுவேன். அவரு எழுதிக்குவாரு. நல்லம்மா கீழயிருந்து, "ஏஞ்சாமி, அழுவற பாட்டப் பாடிக்கிட்டே மேஞ்சா கூரையும் ஒழுகும்"பாங்க.

கடைசி நாளு சட்டப்பையிலிருந்து மடிச்சு வெச்ச மஞ்சக் காயிதத்த எடுத்தாரு. எல்லாத்தையும் உட்டுப்போட்டு அத மட்டும் எடுத்துட்டு வந்திருக்கறாரு. அஞ்சு கோடு இழுத்தாரு. செவப்புப் பென்சிலப் புடிச்சுக்கிட்டு, "அந்த அடியச் சொல்லு. இனி இதுதான் நம்ம தீப்பாட்டு"ன்னாரு.

நான் கையத் தொடைக்கு அடியில வெச்சுக்கிட்டேன். பூசாரி சொன்னதச் சொன்னேன்.

கண்ணாடியக் கழட்டுனாரு. செத்தேன்னு நெனச்சேன். தொடைச்சு மாட்டிக்கிட்டு, காயிதத்த மடிச்சு என்ற கையில குடுத்தாரு. "நீயே வெச்சுக்க. படிக்கத் தெரியாதவனுக்கு இது போதும்"னாரு.

இதையெல்லாம் சொல்லி முடிச்சதும் மிசினுக்காரன் வாயப் பொளந்துக்கிட்டு ஒக்காந்திருந்தான்.

"அண்ணா, அந்த அடி எப்படித்தான் இருக்கும்? ஒரே ஒருக்கா தட்டிக் காட்டுங்கண்ணா."

வெரலு தானா சைக்கிள் பெடலத் தட்டப் போச்சு. எடுத்துத் தொடைக்கு அடியில வெச்சுக்கிட்டேன்.

"உங்க கொட்டாய்க்கு எத்தன வாசல்டா?"

"ஒண்ணுதாண்ணா. டிக்கெட் இல்லாம எவனும் நொழையக் கூடாதில்ல?"

"தீப் புடிச்சா யாரு பாட்டு வாசிப்பா?"

அவன் அந்தப் பக்கம் இருந்தவனப் பாத்தான். அந்தப் பக்கம் இருந்தவன் இவனப் பாத்தான். நான் பம்ப எடுத்து உள்ள வெச்சுப்போட்டேன்.

"இன்னொரு வாசல் வெச்சுப்போட்டு வாங்கடா. அது வரைக்கும் உங்க டயருக்குக் காத்து கெடையாது."

சிரிச்சானுங்க. நக்கல்னு நெனச்சானுங்க. சைக்கிளத் தள்ளிக்கிட்டுத்தான் போனானுங்க. நாலு நாளாச்சு, இன்னமும் தள்ளிக்கிட்டுத்தான் திரியறானுங்க.